13 நிமிடமும் ஆறரை ஆண்டும்

2014 செப்டம்பர் 8, வாலென்சியா. யூரோ 2016 தகுதிச் சுற்றில் மாசிடோனியாவை எதிர்த்து ஸ்பெயின் ஆடிக்கொண்டிருக்கிறது. 77-வது நிமிடம், ஸ்கோர் 4-1. முடிவு எப்போதோ தெரிந்துவிட்ட ஆட்டம். பயிற்சியாளர் விசென்தே தெல் போஸ்கே, கோகேயை வெளியே எடுத்துவிட்டு ஒரு பையனை இறக்குகிறார். அவருக்கு 19 வயது நிறைந்து ஒரு வாரம்தான் ஆகிறது. பார்சிலோனா சீனியர் அணிக்காக முதல் லீக் ஆட்டம் ஆடி இரண்டு வாரம். பெயர், முனீர் எல் ஹத்தாதி.

மிச்சமிருந்தது 13 நிமிடம். முனீர் கோல் எதுவும் போடவில்லை. ஸ்பெயின் 5-1 என்று வென்றது. அதன் பிறகு ஸ்பெயினின் சீனியர் அணிக்காக அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆனால், அந்த 13 நிமிடத்தைக் காரணம் காட்டி, பெற்றோரின் நாடான மொராக்கோவுக்கு ஆடும் உரிமை அவருக்கு ஆறரை ஆண்டுகள் மறுக்கப்பட்டது.

இரண்டு, மூன்று நாடுகளுக்கு ஆடத் தகுதியுள்ள இளைஞர்கள் இன்றைய கால்பந்தில் ஏராளம். ‘எந்த நாட்டுக்கு ஆடப்போகிறாய்?’ என்ற கேள்வி 15, 16 வயதிலேயே அவர்களைத் துரத்த ஆரம்பித்துவிடுகிறது. பதிலைக் கேட்டு ஒரு நாடு கொண்டாடுகிறது. இன்னொரு நாடு துரோகி என்கிறது. இதை விசுவாசப் பரீட்சையாகப் பார்ப்பதே தவறு. வேலை, வாய்ப்பு, வயது மூன்றும் பின்னிக்கிடக்கும் விஷயம் இது. முதிராத வயதில் எடுத்த முடிவை, பல நேரம் பிறர் அவசரத்துக்கு எடுத்த முடிவை, ஓர் இளைஞர் ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டும் என்று சொல்லும் விதிகளைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும்.

அவசரம் யாருக்கு?

முனீர் பிறந்தது மாட்ரிட்டை அடுத்த எல் எஸ்கோரியலில். தந்தை, மொராக்கோவிலிருந்து பிழைப்பு தேடி வந்து சமையல் வேலை பார்த்தவர். 2011-ல் பார்சிலோனாவின் அகாடமி முனீரைச் சேர்த்துக்கொண்டது. 2014 ஏப்ரலில் ஐரோப்பிய இளையோர் லீகின் இறுதி ஆட்டம் சுவிட்சர்லாந்தின் நியோனில் நடந்தது. பென்ஃபிகாவை 3-0 என்று பார்சிலோனா வீழ்த்தியதில் இரண்டு கோல்கள் முனீருடையவை. அவற்றில் ஒன்றை ஏறக்குறைய மைதானத்தின் நடுக்கோட்டிலிருந்து அடித்தார். கோல்கீப்பர் முன்னேறி நிற்பதைப் பார்த்துவிட்டு, அவர் தலைக்கு மேலே தூக்கி விட்ட பந்து. அந்தத் தொடரில் 11 கோல்களுடன் அவர்தான் முதலிடம்.

அந்த ஆண்டு உலகக் கோப்பையில் எதிரணி வீரரைக் கடித்ததற்காக லூயிஸ் சுவாரெஸ் தடையில் இருந்தார். பார்சிலோனாவின் முன்வரிசையில் இடம் காலியானது. ஆகஸ்ட் 24-ல் எல்சே அணிக்கு எதிராக முனீர் ஆடினார், கோலும் அடித்தார். அடுத்த இரண்டு வாரத்தில் ஸ்பெயின் அணி அழைத்துவிட்டது. அதுவும் எப்படி? டியேகோ கோஸ்டாவுக்குக் காயம், அவருக்குப் பதிலாக.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. கோஸ்டா பிறந்தது பிரேசிலில். 2013 மார்ச்சில் பிரேசிலுக்காக இரண்டு சர்வதேச ஆட்டங்கள் ஆடியவர். அவை நட்பு ஆட்டங்கள் என்பதால், மறு வருடமே ஸ்பெயின் சட்டையை அவரால் போட முடிந்தது. இரண்டு நட்பு ஆட்டங்கள் ஒருவரைக் கட்டிப்போடவில்லை. அவருக்குப் பதிலாக வந்த பையனை, தகுதிச் சுற்று ஆட்டம் என்ற ஒரே காரணத்தால், 13 நிமிடம் கட்டிப்போட்டுவிட்டது.

தேசிய அணியில் ஆட அழைப்பு வரும்போது 19 வயதுப் பையன் எவனும் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டான். தேசியக் கால்பந்துச் சம்மேளனங்கள் அப்படியல்ல. இரண்டு நாடுகள் கண் வைத்திருக்கும் இளைஞனை ஓர் அதிகாரபூர்வ ஆட்டத்தில் இறக்கிவிட்டால், போட்டி நாடு கை கழுவ வேண்டியதுதான் என்பது அவற்றுக்கு நன்றாகவே தெரியும். முனீரை ஸ்பெயின் அந்த எண்ணத்துடன்தான் இறக்கியது என்று நான் சொல்லவில்லை. எண்ணம் எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். லாபம் சம்மேளனத்துக்கு, நஷ்டம் பையனுக்கு என்று விதி அமைந்திருந்தது.

தீர்ப்பாயத்தின் படிகளில்

சுவாரெஸ் திரும்பி வந்ததும் பார்சிலோனாவில் முனீருக்கு இடம் சுருங்கியது. வாலென்சியாவுக்கு ஒரு வருடம், அலவேஸுக்கு ஒரு வருடம் என்று கடனில் அனுப்பப்பட்டார். ஸ்பெயினின் சீனியர் அணியும் அவரை மறந்துவிட்டது. மேலே வரும் வேகத்தில் அழைத்த நாடு, சரிவு வந்தபோது கூப்பிடவில்லை. அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. தேசிய அணிக்கு ஆள் எடுப்பது அப்படித்தான். ஆனால், தனக்கு வேண்டாத ஆட்டக்காரர் இன்னொரு நாட்டுக்கும் பயன்படக் கூடாது என்பதில் என்ன நியாயம்?

2018 உலகக் கோப்பைக்கு மொராக்கோ தகுதி பெற்றது; 20 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த வாய்ப்பு. முனீருக்கு அந்த அணியில் ஆட ஆசை. மொராக்கோவுக்கும் அவர் வேண்டும். உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபா மறுத்தது. லோசானில் இருக்கும் சர்வதேச விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்தை நாடினார்கள். போட்டி தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது தீர்ப்பாயமும் கைவிரித்தது. ஜூன் 25 அன்று கலினின்கிராடில் ஸ்பெயினும் மொராக்கோவும் மோதி 2-2 என்று சமநிலையில் முடித்தன. இரண்டு நாடுகளுக்கும் ஆடத் தகுதி பெற்றுப் பிறந்த முனீர், அன்று இரண்டு அணியிலும் இல்லை.

2020 செப்டம்பரில் ஃபிஃபா விதியைத் தளர்த்தியது. 21 வயதுக்கு முன் ஒரு நாட்டின் சீனியர் அணிக்காக அதிகபட்சம் மூன்று ஆட்டங்களே ஆடியிருக்க வேண்டும்; கடைசி ஆட்டம் முடிந்து மூன்று ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும்; உலகக் கோப்பையிலோ கண்டக் கோப்பையிலோ இறுதிக் கட்டப் போட்டிகளில் ஆடியிருக்கக் கூடாது. இந்த நிபந்தனைகள் பொருந்தினால் ஒரு முறை நாடு மாறலாம். முனீருக்காகவே எழுதியதுபோல இருந்த விதி.

அதிலும் ஒரு முட்டுக்கட்டை வந்தது. ஐரோப்பாவின் ‘21 வயதுக்குட்பட்டோர்’ போட்டிகளில், தொடர் தொடங்கும்போது வயது பொருந்தினால் போதும். அதனால் 21 முடிந்த பிறகும் ஒருவர் அந்த அணியில் ஆட முடியும். முனீர் அப்படி ஸ்பெயின் இளையோர் அணியில் ஆடியிருந்தார். 21 வயதுக்குப் பிறகும் ஸ்பெயினுக்கு ஆடியவர் என்று சொல்லி ஃபிஃபா மறுபடி மறுத்தது, தீர்ப்பாயமும் ஒத்துக்கொண்டது. பின்னர் 2021-ன் தொடக்கத்தில்தான் வழி பிறந்தது. அந்த ஆண்டு மார்ச் 26-ல், மௌரித்தானியாவுக்கு எதிரான ஆட்டத்தில் முனீர் மொராக்கோவின் சட்டையை அணிந்தார். வயது 25.

ஒரு முன்கள ஆட்டக்காரருக்கு 19-லிருந்து 25 வரையிலான காலம், தொழிலின் முக்கியமான பருவம். உலகக் கோப்பை ஒன்று அதற்குள் போய்விட்டது. ஆப்பிரிக்கக் கோப்பைத் தொடர்களும் போயின. 2022-ல் கத்தாருக்கு மொராக்கோ கிளம்பியபோது, அணியில் இளைய முகங்கள் நிறைந்திருந்தன, முனீருக்கு இடமில்லை. அதே மொராக்கோதான் உலகக் கோப்பையின் அரையிறுதியைத் தொட்ட முதல் ஆப்பிரிக்க நாடு, முதல் அரபு நாடு என்ற பெயரை எடுத்தது.

அதே தெருக்கள், வெவ்வேறு சட்டைகள்

கத்தாருக்குப் போன அந்த மொராக்கோ அணியின் 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். பயிற்சியாளர் வாலித் ரெக்ராகி பிறந்தது பிரான்சில். ஸ்பெயினுக்கு எதிரான நாக்-அவுட் ஆட்டம் பெனால்டிக்குப் போனபோது, வெற்றிக்கான கடைசி உதையை அடிக்க வந்தவர் அஷ்ரஃப் ஹக்கிமி. மாட்ரிட்டில் பிறந்து, ரியல் மாட்ரிட் அகாடமியில் வளர்ந்தவர். கோல்கீப்பர் ஒரு பக்கம் சாய, பந்தை நடுவில் மெல்லத் தட்டிவிட்டுக் கோலாக்கினார். ஸ்பெயினின் இளையோர் முகாமுக்கு ஒரு முறை போயிருந்ததாகவும், அது தன் இடமாகத் தோன்றவில்லை என்றும் அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

லமீன் யமாலின் முடிவு இதற்கு நேர் எதிர். தந்தை மொராக்கோ, தாய் எக்குவடோரியல் கினி. வளர்ந்தது பார்சிலோனாவை அடுத்த மத்தாரோவில், குடியேறிகள் நிறைந்த ரொக்கஃபோந்தா பகுதியில். கோல் அடித்ததும் விரல்களால் ‘304’ என்று காட்டுவாரே, அது அந்தப் பகுதியின் அஞ்சல் குறியீட்டின் கடைசி மூன்று எண்கள். மொராக்கோ கூப்பிட்டும் அவர் ஸ்பெயினைத் தேர்ந்தெடுத்தார். 2023 செப்டம்பர் 8 அன்று, 16 வயதில், ஜார்ஜியாவுக்கு எதிராக முதல் ஆட்டம். ஸ்பெயினின் வரலாற்றிலேயே இளையவர் என்ற பெயருடன் அன்றே கோலும் அடித்தார். 2024 யூரோ கோப்பையை, 17 வயது நிறைந்த மறுநாள் கையில் ஏந்தினார்.

ஹக்கிமி சரியா, யமால் சரியா என்று கேட்டால் என்ன சொல்வது? இரண்டும் சரி. ஒருவருக்கு ஒத்துவந்தது இன்னொருவருக்கு ஒத்துவர வேண்டியதில்லை. குடியேறிய வீட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டுக்குள் ஒரு நாடும் வாசலைத் தாண்டினால் ஒரு நாடும் இருக்கும். இரண்டில் எது தன் நாடு என்பதை, அவர்களைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்?

ஜமால் முசியாலாவின் கதை இன்னும் தெளிவானது. பிறந்தது ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில். தாய் ஜெர்மானியர், தந்தைக்கு நைஜீரிய வேர். ஏழு வயதில், தாயின் படிப்புக்காகக் குடும்பம் இங்கிலாந்து போனது. செல்சீ கிளப்பில் வளர்ந்து, இங்கிலாந்தின் இளையோர் அணிகளில் ஆடி, 16 வயதில் பேயர்ன் மியூனிக்குக்குப் போனார். 2021 பிப்ரவரியில் லாட்சியோவுக்கு எதிராக சாம்பியன்ஸ் லீகில் கோல் அடித்த மறுநாள், ஜெர்மனிக்கு ஆடுவதாக அறிவித்தார். இரண்டு நாட்டுக்கும் தன் மனதில் இடமுண்டு என்றே சொன்னார். நான்கு மாதம் கழித்து, வெம்ப்லி மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் இறங்கினார்.

முசியாலாவும் யமாலும் எடுத்த முடிவு அவர்களுக்குப் பலித்தது. பலித்ததால்தான் அந்த முடிவு இன்று புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. முனீரிடமும் திறமை இருந்தது. ஒரு பருவத்தில் ஃபார்ம் போனது, அவ்வளவுதான். வெற்றி பெற்றவர்களை மட்டும் வைத்து விதியை எடைபோட்டால், அது யாரைக் கைவிடுகிறது என்பது தெரியாமலே போய்விடும்.

எதிர்வாதங்களுக்குப் பதில்

‘தளர்த்தினால், பணமுள்ள நாடுகள் ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கிவிடும்’ என்பார்கள். நியாயமான பயம். 2004-ல் கத்தார், தன் மண்ணுடன் எந்தத் தொடர்பும் இல்லாத பிரேசில்காரர்களை இழுக்கப் பார்த்தது. அதன் பிறகுதான், பிறப்பு, பெற்றோர், தாத்தா பாட்டி, வசிப்பு ஆகியவற்றில் ஏதோ ஒரு தெளிவான தொடர்பு வேண்டும் என்று ஃபிஃபா கறாராகச் சொன்னது. 2025 செப்டம்பரில், தாத்தா பாட்டி பிறந்த இடம் பற்றிய ஆவணங்கள் பொய்யானவை என்று சொல்லி, மலேசியாவுக்கு ஆடிய ஏழு பேருக்கு ஃபிஃபாவின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஓராண்டுத் தடை விதித்தது. அந்த நாட்டுச் சம்மேளனத்துக்கும் 3.5 லட்சம் சுவிஸ் ஃபிராங்க் அபராதம். போலித் தொடர்பைப் பிடிக்க ஆவணச் சோதனை இருக்கிறது. அதை இன்னும் கடுமையாக்கட்டும். முனீரின் தொடர்பை யாரும் பொய் என்று சொல்லவில்லையே! மோசடிக்காரர்களுக்குப் போட்ட பூட்டை உண்மையான பிள்ளைகளின் வாசலில் மாட்டக் கூடாது.

‘எங்கள் ஊரில் பயிற்சி பெற்றுவிட்டு வேறு நாட்டுக்கு ஆடுவதா?’ என்பது இரண்டாவது வாதம். ஐரோப்பிய அகாடமிகள் யாருக்கும் தர்மத்துக்குச் சொல்லித்தரவில்லை. கிளப்புகள் பிள்ளைகளை வளர்க்கின்றன, ஆடவைக்கின்றன, நல்ல விலைக்கு விற்கின்றன. கணக்கு அங்கேயே நேராகிவிடுகிறது. தேசிய அணிக்கு ஆயுள் கடன் பாக்கி என்று அந்தப் பிள்ளை தலையில் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

மூன்றாவது, ‘பாதி மனதுடன் ஆடுவார்கள்’ என்பது. கத்தாரில் மொராக்கோ ஆடியதைப் பார்த்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2014-ல் ஜெர்மனிக்கு உலகக் கோப்பை வென்று தந்தவர்களில் ஒருவரான மெசுத் ஓசில், 2018 தோல்விக்குப் பிறகு தேசிய அணியை விட்டே விலகினார். ஜெயித்தால் ஜெர்மானியன், தோற்றால் குடியேறி என்று நடத்துகிறார்கள் என்பது அவர் குமுறல். விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், நாடுகள் தம் ஆட்டக்காரர்களிடம் விசுவாசமாக இருக்கின்றனவா என்றும் கேட்க வேண்டும்.

இந்தியாவின் நிபந்தனை

இந்தியாவில் இந்தக் கேள்வி வேறு உருவத்தில் நிற்கிறது. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை பெயரில்தான் குடியுரிமை. அதற்குக் கடவுச்சீட்டு கிடையாது. தேசிய அணிக்கு ஆட அந்த நாட்டின் குடியுரிமை வேண்டும் என்பது ஃபிஃபாவின் அடிப்படை விதி. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களே இந்திய அணிகளில் இடம்பெற முடியும் என்று 2008-ல் மத்திய அரசும் தெளிவாக்கிவிட்டது.

இதன் பலன் என்ன? ஜப்பானில் பிறந்த இசுமி அராத்தா, ஜப்பான் குடியுரிமையைத் துறந்து 2013-ல் இந்தியாவுக்கு ஆடியபோது முப்பதைக் கடந்திருந்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பிறந்த ரயன் வில்லியம்ஸ், தாய்வழியில் மும்பைத் தொடர்புள்ளவர்; 2025-ல் இந்தியக் குடியுரிமை பெற்றபோது வயது 32. இருவரும் இந்தியாவிலேயே கிளப் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள். இவர்கள் வயதில் இந்த முடிவை எடுக்க முடிகிறது. இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ ஒரு கிளப்பில் காலூன்றப் போராடும் 19 வயதுப் பையன் எடுப்பானா? அந்நாட்டுக் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டால், அங்கே வேலை பார்க்கும் உரிமையும் அதோடு போகும். இந்தியாவுக்கு ஆட வா என்று அழைத்துக்கொண்டே, பிழைப்பை விட்டுவிட்டு வா என்றும் சொல்கிறோம்.

பக்கத்து நாடு என்ன செய்தது? இங்கிலாந்தின் லஃப்பரோவில் பிறந்த ஹம்சா சௌத்ரி, அந்நாட்டின் 21 வயதுக்குட்பட்டோர் அணியிலும் லெஸ்டர் கிளப்பிலும் ஆடியவர். தாய் வங்கதேசத்தைச் சேர்ந்தவர். பிரிட்டிஷ் குடியுரிமையை விடாமலேயே வங்கதேசத்துக்கு ஆட வந்தார். 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் அவர் முதல்முறை களமிறங்கியது இந்தியாவுக்கு எதிராகத்தான். ஆட்டம் கோலின்றி முடிந்தது. நவம்பரில் டாக்காவில் 1-0 என்று வங்கதேசம் வென்றது. இந்தியாவுக்கு எதிராக 22 ஆண்டுகளில் அதற்குக் கிடைத்த முதல் வெற்றி. இலங்கை அணியிலும் புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது ஆடுகிறார்கள். குடியுரிமைச் சட்டத்தைக் கால்பந்துக்காக மட்டும் திருத்திவிட முடியாது என்பது உண்மை. விளையாட்டுக்கென்று ஒரு வரையறுத்த விலக்கு சாத்தியமா என்று நாடாளுமன்றம் விவாதிக்கலாம். அதுவரை, வெளிநாட்டில் வளர்ந்த இந்திய வம்சாவளிப் பிள்ளை வேறு நாட்டுச் சட்டையைப் போட்டால், நாட்டுப்பற்று இல்லாதவன் என்று இங்கிருந்து ஏசுவதையாவது நிறுத்திக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியவை

ஃபிஃபாவின் 2020 திருத்தம் பாதி வழிதான் வந்திருக்கிறது. இன்றைக்கும், உலகக் கோப்பையிலோ யூரோ போன்ற கண்டக் கோப்பையிலோ 17 வயதுப் பையன் ஒருவன் ஒரே ஒரு நிமிடம் மாற்று ஆட்டக்காரராக இறங்கினால், ஆயுளுக்கும் அந்த நாட்டுக்குக் கட்டுப்பட்டவனாகிறான். தகுதிச் சுற்றுக்குக் காட்டும் சலுகையை, 21 வயதுக்குட்பட்டோருக்கு இந்தப் போட்டிகளிலும் நீட்டிக்க வேண்டும். மூன்றாண்டுக் காத்திருப்பு இருக்கும்வரை, ஒருவர் நினைத்த மாத்திரத்தில் அணி தாவ முடியாது; எனவே போட்டியின் நேர்மைக்கு இதனால் பங்கம் வராது.

அடுத்தது, முதல் அதிகாரபூர்வ ஆட்டத்துக்கு முன், அந்த ஆட்டத்தின் விளைவு என்ன என்பதை ஆட்டக்காரருக்கும் குடும்பத்துக்கும் சம்மேளனத்தையும் ஏஜென்டையும் சாராத ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும். அவர் புரிந்துகொண்டதாகக் கையெழுத்திட்ட பிறகே அந்த ஆட்டம் அவரைக் கட்டுப்படுத்த வேண்டும். வீட்டுக் கடன் வாங்குகிறவருக்கு வங்கி நிபந்தனைகளைப் படித்துக்காட்டுகிறது. ஆயுள் முழுவதற்குமான முடிவுக்கு அந்தக் குறைந்தபட்ச மரியாதைகூட இல்லை என்பது வெட்கக்கேடு.

மூன்றாவது பொறுப்பு நாடுகளுடையது. மொராக்கோ, புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. ரபாத்தை அடுத்த சலேயில் ஆறாம் முகம்மது பெயரில் அகாடமி கட்டியது. யூசுஃப் என்-நெசிரி, நயெஃப் அகுவெர்த், அஸதின் உனாஹி ஆகியோர் அங்கே உருவானவர்கள். சொந்த மண்ணில் அணி வலுவானபோது, ஸ்பெயினிலும் நெதர்லாந்திலும் பிரான்சிலும் பிறந்தவர்கள் அதில் சேர ஆசைப்பட்டார்கள். விதியைக் காட்டிப் பிடித்துவைக்கும் நாட்டைவிட, வந்து சேரத் தோன்றும் அணியைக் கட்டும் நாடே ஜெயிக்கும் என்பதற்குக் கத்தார் அரையிறுதி சாட்சி. வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுக்கும் இந்தியக் கால்பந்து நிர்வாகம், முதலில் உள்ளூரில் அப்படி ஓர் அணியைக் கட்டட்டும். கடவுச்சீட்டுப் பேச்சுக்கு அதன் பிறகுதான் அர்த்தம் வரும்.